பெயிண்ட் அடிக்கும் முன்பு: நம் வாசலைப் பற்றிக் கொஞ்சம் பேச்சு

(அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில், வீட்டுச் சீரமைப்பு உதவிக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

ரமளானுக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது. வழக்கம்போல இந்த நாட்களில் எங்கள் மேசைக்கு வரும் விண்ணப்பங்களில் ஒரு வகை கூடிவிட்டது. மருத்துவச் செலவு, பள்ளிக் கட்டணம் இவற்றோடு, ‘வீட்டு முகப்புக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும், வட்டியில்லாக் கடன் வேண்டும்’ என்று கேட்டு வருகிறார்கள். சிலர் பெருநாளுக்காகக் கேட்கிறார்கள். சிலர் பெண் பார்க்க வருகிறார்கள் என்பதற்காகக் கேட்கிறார்கள். இதை ஆடம்பரம் என்று நாங்கள் தள்ளிவிடுவதில்லை. மகளுக்கு நிக்காஹ் பேசும்போது வாசல் சுவர் பொரிந்து கிடந்தால் அந்தத் தாய் தகப்பனின் மனது என்ன பாடுபடும் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் இன்று உங்கள் முன் நாங்கள் பேச வந்ததற்குக் காரணம், இந்தக் கடனில் நாங்களே செய்த ஒரு தவறு. அதைச் சொல்லிவிட்டே மற்றதைப் பேசுகிறோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. முடிச்சூர், வரதராஜபுரம், பெருங்களத்தூர் பக்கம் இருப்பவர்களுக்கு அதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை; படகில் வெளியே வந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். அந்த வருடம் ரமளானுக்கு முன்பு, முடிச்சூர் பக்கத்துக் குடும்பம் ஒன்று எங்களிடம் வந்தது. வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற வீடு. சுவரில் அந்தக் கோடு அப்படியே இருந்தது. பெருநாள் முடிந்ததும் பெண் பார்க்க வருகிறார்கள் என்றார்கள். விண்ணப்பத்தைப் பார்த்தோம், வருமானத்தைப் பார்த்தோம், இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்தும் வாங்கினோம். சுவரை மட்டும் போய்ப் பார்க்கவில்லை. பிப்ரவரியில் வேலை நடந்தது. பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, இரண்டு கை எமல்ஷன் அடித்து, வீடு புதிதாக நின்றது. அல்ஹம்துலில்லாஹ், சம்பந்தமும் முடிந்தது. அடுத்த மழைக்காலம் வரும் முன்பே அந்தக் கோட்டின் உயரத்துக்குப் பட்டி பொக்குப் பொக்காக எழும்பி, தட்டினால் தட்டு தட்டாக விழுந்தது. உள்ளே உப்புப் பூத்திருந்தது. அந்தக் கடனின் கடைசித் தவணையை அந்தச் சகோதரர் சென்ற மாதம்தான் கட்டி முடித்தார். ஒன்றரை வருடத்துக்கும் மேலாக, உதிர்ந்துபோன பெயிண்டுக்கு அவர் பணம் கட்டிக்கொண்டிருந்தார். எங்களிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எங்களை அதிகம் உறுத்தியது.

பெயிண்டரைக் குறை சொல்லிப் பயனில்லை, பெயிண்டிலும் குறையில்லை. சுவருக்குள் தண்ணீர் இருந்தது. இரண்டு மூன்று நாள் தண்ணீரில் நின்ற செங்கல் சுவர் இரண்டு மாதத்தில் காயாது. பட்டியும் பெயிண்டும் போட்டு வெளியே மூடிவிட்டோம். உள்ளே இருக்கிற ஈரம் வெளியேற வழி தேடி, அந்த மூடியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது.

ஆகவே முதல் வேண்டுகோள்: பெயிண்ட் கடைக்குப் போகும் முன்பு சுவரிடம் போங்கள். ஒரு சின்னச் சோதனை இருக்கிறது, காசு செலவில்லை. ஓரடிக்கு ஓரடி பாலிதீன் தாள் ஒன்றை எடுத்து, நாலு பக்கமும் காற்று புகாமல் டேப் ஒட்டி, சுவரின் அடிப்பகுதியில் ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். மறுநாள் உரித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. இந்த வருடம் வடகிழக்குப் பருவமழை முடிந்து சில வாரம்தான் ஆகிறது. மழைச்சாரல் அடித்த சுவர்கூட இன்னும் முழுக்க உலர்ந்திருக்காது. ரமளான் பிறை பார்க்கும் முன்பு முடித்துவிட வேண்டும் என்று பறக்காமல் பெருநாளை ஒட்டி வைத்துக்கொண்டால் உங்களுக்கு இரண்டு மாத வெயில் கிடைக்கும். நம் தாம்பரம் வெயிலைப்போலச் சுவர் உலர்த்துகிற மருந்து கடையில் கிடையாது.

‘வெள்ளம் வராத வீட்டிலும் அடிச்சுவர் பொரிகிறதே?’ என்று போன கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு லாத்தா கேட்டார்கள். நல்ல கேள்வி. அதற்கு ஓதம் என்று பெயர். தரை ஈரத்தைச் செங்கல் உறிஞ்சி மேலே ஏற்றும். கூடவே உப்பும் ஏறும். ஈரம் காயும்போது உப்பு மட்டும் சுவரில் தங்கி வெள்ளையாகப் பூக்கும். அதன்மேல் எந்தக் கம்பெனிப் பெயிண்ட் அடித்தாலும் நிற்காது. பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். பொரிந்த பூச்சு அதிகம் என்றால், அந்த மட்டத்துக்குக் கொஞ்சம் மேல் வரைக்கும் பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, நீர்க்காப்புக் கலவை சேர்த்துப் புதிதாகப் பூசி, ஒரு மாதமாவது விட்டு, பிறகுதான் பெயிண்ட். ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்த்தாக வேண்டும். நாங்கள் போய்ப் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் காரணம் மூன்றுதான்: மாடியிலிருந்து இறங்கும் குழாய் சுவர் ஓரத்திலேயே கொட்டுவது, சுவரை ஒட்டி மண் கொட்டிப் பூச்செடி வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றுவது, வெளியே இருக்கும் குழாயடி. இரண்டாவது காரணத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. அழகுக்காகச் சுவர் ஓரம் போட்ட பாத்திதான் சுவரைக் கெடுக்கிறது. பாத்தியைச் சுவரிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி தள்ளிப் போடுங்கள். காம்பவுண்டு ஓரமாக இருந்தால் இன்னும் நல்லது.

கையில் பணமே இல்லை, சுவரும் ஈரம், ஆனால் பெருநாளைக்கு வாசல் வெளிச்சமாக இருக்க வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு பழைய வழி இருக்கிறது: சுண்ணாம்பு. நம் நன்னிமார் காலத்தில் வருடா வருடம் அடித்ததுதான். கிளிஞ்சல் சுண்ணாம்பை முதல் நாளே தாளித்து, ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் பசையும், மஞ்சள் தட்டாமல் இருக்கக் கொஞ்சம் நீலமும் சேர்த்து அடிப்பார்கள். சுண்ணாம்பு சுவரை மூடாது. ஈரம் அதன் வழியே வெளியேறிவிடும். அதனால் ஓதச் சுவருக்கு அது பட்டியை விடப் பொருத்தம். ஒரு வருடத்தில் மங்கிவிடும், சாய்ந்தால் சட்டையில் ஒட்டும் என்பது உண்மைதான். ஏற்கெனவே எமல்ஷன் அடித்த சுவரிலும் பிடிக்காது. ஒரு எச்சரிக்கை: சுண்ணாம்பு தாளிக்கும்போது கொதிக்கும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

சுவர் காய்ந்துவிட்டது என்றால் மீதி வேலை சுலபம். பாசி பிடித்த இடத்தைப் பிளீச்சிங் பவுடர் கரைசலால் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். விரிசலை முதலில் அடையுங்கள். வெளிச்சுவருக்கு வெளிச்சுவர்ப் பட்டி. உள்ளே போடுகிற மலிவுப் பட்டியை வெளியே போடக் கூடாது. பிரைமரைத் தவிர்த்து மிச்சம் பிடிக்காதீர்கள். எவ்வளவு பெயிண்ட் வேண்டும் என்பதை நீங்களே கணக்குப் போடலாம். முகப்பு இருபதடி அகலம், இருபத்திரண்டடி உயரம் என்றால் 440 சதுர அடி. கதவு ஜன்னல் கழித்தால் 350, 360 நிற்கும். வெளிச்சுவர் எமல்ஷன் ஒரு லிட்டர், இரண்டு கை அடிக்க ஏறக்குறைய 50, 60 சதுர அடிக்கு வரும். அப்படியென்றால் ஏழு லிட்டர். முகப்புக்கு மட்டும் இருபது லிட்டர் வாளி வாங்கச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். சில வாளிகளுக்குள் பெயிண்டருக்கென்று டோக்கன் இருக்கும். அவர் உழைப்புக்கு அது ஒரு சின்ன வருமானம், அதில் நமக்கு வருத்தம் இல்லை. டோக்கனுக்காக வாளி கூடாமல் இருந்தால் சரி. வாளியை உங்கள் எதிரில் உடைக்கச் சொல்லுங்கள். டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் தண்ணீர் கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நோன்பு மாதத்தில்தான் வேலை என்றால், சாரத்தில் ஏறுகிறவரும் நோன்பாளியாக இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். காலை ஏழிலிருந்து பதினொன்று வரை வேலை போதும். வெயில் ஏறிச் சுட்டுக் கிடக்கும் சுவரில் அடித்தால் பெயிண்டும் சரியாகப் பிடிக்காது. ஆக அவருக்கும் நல்லது, சுவருக்கும் நல்லது.

நிறத்தைப் பற்றி நாங்கள் சொன்னால் இளைஞர்கள் சிரிக்கிறார்கள். கத்தரிப்பூ நிறம், ஆரஞ்சு, கிளிப்பச்சை என்று தெருவில் ஒவ்வொரு வீடும் ஒன்றையொன்று கூப்பிடுகிற காலம் இது. உங்கள் வீடு, உங்கள் விருப்பம். ஆனால் மேற்குப் பார்த்த வாசலில் அடர்ந்த சிவப்பும் ஊதாவும் இரண்டு கோடையில் வெளுத்துவிடும். வெளிர் நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும், வீட்டுக்குள் சூடு குறையும். மழைத் துளி தெறித்துச் செம்மண் படிகிற அடிப்பகுதிக்கு மட்டும், தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு, சாம்பலோ காப்பிக்கொட்டை நிறமோ அடித்துவிட்டால் வருடம் முழுக்க அழுக்குத் தெரியாது. மொட்டை மாடிக்கு வெள்ளை அடிப்பதைப் பற்றிக் கேட்கிறார்கள். நல்லதுதான், ஏப்ரல் மே மாதத்தில் மேல்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியும். அது தனிப் பேச்சு.

கேட், ஜன்னல் கம்பிக்கு வருகிறோம். இங்கே ஒரு விஷயத்தைத் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். பழைய எனாமல் பெயிண்டுகளில் ஈயம் அதிகம் சேர்த்திருந்தார்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016-இல் விதி கொண்டுவந்து, அது 2017 நவம்பரில் அமலுக்கு வந்தது. அதற்கு முன்பு அடித்த கேட் என்றால், அதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது பறக்கிற தூசியில் ஈயம் இருக்கலாம். சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சிக்கு அது விஷம். கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. காய்ந்த நிலையில் தேய்க்க வேண்டாம்; தண்ணீர் நனைத்துத் தேய்க்கும் தாளைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். தேய்க்கிறவர் முகத்தில் மாஸ்க் இருக்கட்டும். பிள்ளைகளை அன்று நன்னி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். வாசலைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

இனி தரைக்கு வருவோம். சுவரை விடத் தரையைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை கிரவுண்டு மனை 1200 சதுர அடி. அந்த மனையில் மட்டும் அன்றைக்கு விழுந்த தண்ணீர் ஏறத்தாழ 54,000 லிட்டர். கோடையில் நாம் காசு கொடுத்து வாங்குகிற 12,000 லிட்டர் லாரியில் நாலரை லாரி! ஒரு வீட்டுக்கு மட்டும். அந்த வெள்ளத்துக்குப் பிறகு நம் பகுதியில் என்ன நடந்தது? பயத்தில் எல்லோரும் வாசலை உயர்த்தினோம். மண் தெரிந்த இடத்தையெல்லாம் சிமெண்ட் போட்டு மூடினோம். வழுவழுப்பான டைல்ஸ் ஒட்டினோம். ‘சேறு இல்லை, சுத்தமாக இருக்கிறது’ என்று நிம்மதியானோம். நம் வாசலில் விழுந்த தண்ணீர் மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல் கேட்டைத் தாண்டித் தெருவுக்குப் போனது. தெருவிலிருந்து, வாசலை உயர்த்த வசதியில்லாதவர் வீட்டுக்குள் போனது. அந்த வீடு யாருடையது என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் தெருவிலேயே பழைய வீடு, ஏழை வீடு. அவர் நம்மவராக இருந்தாலும் பிற சமயத்தவராக இருந்தாலும் அண்டை வீட்டார் உரிமை ஒன்றுதானே.

வாசலை உயர்த்தியவர்களை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமில்லை. பழைய சாலையின் மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு, படியேறிப் போன வீடுகள் இன்று படியிறங்கிப் போகும் வீடுகளாகிவிட்டன. 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று அறிவுறுத்தினார். உங்கள் தெருவில் சாலை போட வரும்போது நாலு வீட்டார் சேர்ந்து நின்று அதைக் கேளுங்கள். தாம்பரம் மாநகராட்சியோ, முடிச்சூர் போன்ற ஊராட்சியோ, யாராக இருந்தாலும் கேட்க நமக்கு உரிமை உண்டு. ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிற அளவுக்குச் செலவழிக்க எல்லோராலும் முடியாது.

நம் கையில் இருப்பது நம் கேட்டுக்கு உள்ளே இருக்கும் ஆறடி, எட்டடி இடம். அதில் பாதியையாவது மண்ணாக விடுங்கள் என்றுதான் கேட்கிறோம். வண்டிச் சக்கரம் ஏறும் இடத்தில் மட்டும் இரண்டு பட்டையாகக் கல் பதித்தால் போதும், நடுவில் புல் வளரட்டும். ஏற்கெனவே முழுக்க சிமெண்ட் போட்டாகிவிட்டது என்றால், கேட்டுக்கு உள்பக்கம் குறுக்கே ஒரு சின்ன வாய்க்கால் எடுத்து, மேலே துளை போட்ட ஸ்லாப் மூடி, அதை ஓரத்தில் ஒரு கசிவுக் குழிக்கு விடலாம். மூன்றடிக்கு மூன்றடி, ஐந்தடி ஆழம். உள்ளே உடைத்த செங்கல்லும் ஜல்லியும், மேலே ஆற்று மணல். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் 2003-இலேயே கட்டாயமாக்கப்பட்டுவிட்டது. அன்று எல்லோரும் வைத்தோம். இன்று எத்தனை பேர் வீட்டில் அந்தக் குழி தூர்ந்துபோகாமல் இருக்கிறது? பல்லாவரம், குரோம்பேட்டை மலையடிப் பக்கம் சில மனைகளில் கொஞ்சம் தோண்டினாலே பாறை வந்துவிடும். அங்கே ஆழத்துக்குப் பதில் அகலமாக எடுக்க வேண்டும். ஏரியை ஒட்டிய களிமண் மனைகளில் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும். ஒரு குழி போதாது. உங்கள் தெருவில் ஆழ்துளைக் கிணறு போட்டவரைக் கேட்டால் மண் எப்படி என்று சொல்லிவிடுவார்.

பிறகு அந்த ராம்ப். இதைச் சொல்லும்போது எங்களில் இருவர் வீட்டிலேயே அது இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம். வண்டி ஏற்றுவதற்காகச் சாலையின் மேல் மூன்றடி, நாலடி நீட்டி, டைல்ஸ் வேறு ஒட்டி, கீழே மழைநீர் வடிகாலை அடைத்துக் கட்டிய ராம்ப். ஃபஜ்ருக்குப் போகிற வயதானவர்கள் அந்த இருட்டில் அதைத் தவிர்க்கச் சாலை நடுவே நடக்கிறார்கள். ஒரு பெரியவர் இப்படி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஐந்து மாதம் படுக்கையில் கிடந்தார். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதன் சிறப்பைப் பிள்ளைப் பருவத்திலேயே மத்ரஸாவில் படித்தவர்கள் நாம். வாசல் நிலைக்கு மேல் அழகான அரபு எழுத்து பொறித்த கல், கீழே பாதையை மறித்த டைல்ஸ் மேடை! அந்த இருவரும் தங்கள் ராம்ப்பை இடித்து, கேட்டுக்கு உள்ளே சரிவை மாற்றிக்கொண்டார்கள். ஒரு வீட்டில் கொத்தனார் கூலி இரண்டு நாள்தான் ஆனது. உள்ளே இடமே இல்லாதவர்கள் வண்டி ஏற்றும்போது மட்டும் போட்டு எடுக்கும் இரும்புப் பலகை செய்துகொள்ளலாம்.

செடிக்கு வருவோம், இதில்தான் உங்களுக்கு ஆசை அதிகம் என்று தெரியும். முதலில், நம் புறநகர் வீடுகளில் முன்வாசலுக்குக் கீழேதான் சம்ப்பும் செப்டிக் டேங்கும் இருக்கின்றன. அதன்மேலோ பக்கத்திலோ மரம் வைக்கக் கூடாது. வேர் சுவரைப் பிளந்துவிடும். குறிப்பாகக் கோனோகார்பஸ் என்ற செடி. பச்சைப் பசேலென்று சீக்கிரம் வளர்கிறது என்று வேலிக்கு நிறையப் பேர் வைத்தார்கள். அதன் வேர் குழாய்களையும் வடிகால்களையும் தேடிப் போய்ப் புகுந்துகொள்ளும். குஜராத் அரசு 2023-இல் தடை செய்தது. தமிழ்நாட்டிலும் 2025-இல் தடை வந்துவிட்டது. நர்சரியில் யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள்.

புற்றரை கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2019 ஜூன் மாதம் நினைவிருக்கிறதா? சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, குடத்தோடு இரவு முழுக்க விழித்திருந்தோம். தினமும் தண்ணீர் கேட்கிற அலங்காரப் புல்லை இந்த ஊரில் வளர்ப்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. தண்ணீர் ஊற்றாமல் இங்கே எது வளரும் என்று பார்க்க ஆசையென்றால், கிழக்குத் தாம்பரத்தில் கிறிஸ்தவக் கல்லூரி வளாகம் இருக்கிறது. 1937-இல் கல்லூரி அங்கே வந்தபோது வெறும் புதர்க்காடு. அங்கே வேதியியல் பேராசிரியராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் சலிக்காமல் மரம் வைத்தார்கள். இன்று நம் பகுதிக்கே நிழல் அதுதான். நுணா, களா, வேம்பு, புங்கம் எல்லாம் நம் மண்ணின் பிள்ளைகள். தெருவோரம் மரம் வைக்க இடமும், மின்கம்பி இல்லாத வானமும், மாநகராட்சியின் அனுமதியும் இருந்தால் புங்கம் வையுங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது வண்டலூர் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. நம் தெருக்களில் விழுந்து மின்கம்பியை அறுத்தவற்றில் தூங்குமூஞ்சியும் குல்மொஹரும் நிறைய. அழகுக்காக வைத்து, வேர் ஆழம் போக இடமில்லாமல் சிமெண்டில் அடைத்த மரங்கள் அவை. முருங்கையையும் வாசலில் வேண்டாம் என்போம். கிளை சட்டென்று முறியும், மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி வேறு. கொல்லையில் இடமிருந்தால் வையுங்கள்.

சின்ன வாசலுக்கு எங்கள் முதல் தேர்வு மருதாணி. பதியன் போட்டாலே பிடிக்கும், ஆடு கடிக்காது, தண்ணீர் அதிகம் கேட்காது, வெட்டி வெட்டி வேலியாக்கலாம். பெருநாளுக்கு முந்தின இரவு தெருப் பெண்பிள்ளைகள் எல்லாம் உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். கடைக் கோனில் என்ன கலக்கிறார்களோ தெரியாமல் பிள்ளைகள் கையில் கொப்புளம் வருவதைப் பார்க்கிறோமே, அதற்கும் இது மருந்து. அதற்கடுத்து நந்தியாவட்டை, இட்லிப்பூ, செம்பருத்தி. வெயில் விழும் மூலையில் எலுமிச்சையோ மாதுளையோ ஒன்று, கறிவேப்பிலை ஒன்று. தொட்டியில் புதினா, நோன்புக் கஞ்சிக்கு ஆகும். இன்னொரு தொட்டியில் திருநீற்றுப் பச்சிலை. பெயரைக் கேட்டு யோசிக்க வேண்டாம், இஃப்தார் சர்பத்தில் போடுகிற சப்ஜா விதை அந்தச் செடியிலிருந்துதான் வருகிறது. அரளி அழகுதான், ஆனால் எல்லாப் பாகமும் விஷம். தவழும் பிள்ளை இருக்கும் வீட்டில் வேண்டாம். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசு அங்கேதான் முட்டையிடும். தட்டையே எடுத்துவிடுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டீர்கள். உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. காலி செய்யும்போது பெயிண்டுக்கென்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடிக்கிறார்கள். அதனால் குடிபோகும் அன்றே சுவரில் இருக்கும் ஓதத்தையும் விரிசலையும் போனில் படம் எடுத்து, தேதியோடு வீட்டுக்காரருக்கு அனுப்பி வையுங்கள். நீங்கள் செய்யாத சேதத்துக்கு நீங்கள் ஏன் பணம் கொடுக்க வேண்டும்? உங்கள் செலவில் அவர் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பதாக இருந்தால், வாடகையில் கழிப்பதற்கு எழுத்தில் சம்மதம் வாங்காமல் பிரஷ்ஷைத் தொடாதீர்கள். தொட்டிச் செடி வையுங்கள். அது உங்களோடு அடுத்த வீட்டுக்கும் வரும்.

கடைசியாக எங்கள் பக்கத்து ஏற்பாடு. முகப்புச் சீரமைப்புக்கு வட்டியில்லாக் கடன் கேட்கும் வீடுகளுக்கு இனி எங்கள் குழுவில் இருவர் நேரில் வந்து சுவரைப் பார்ப்பார்கள். வந்தவர்களில் ஒருவர் முப்பது வருடம் கொத்தனார் வேலை பார்த்தவர், அவர் சொல்வதை நம்பலாம். சுவர் ஈரமாக இருந்தால் பெயிண்டுக்குக் கடன் தர மாட்டோம். ஆனால் மாடிக் குழாயைத் திருப்பவும், பூச்சைக் கொத்திப் பூசவும், கசிவுக் குழி எடுக்கவும் முதலில் தருவோம், பெயிண்டுக்குப் பெருநாளுக்குப் பிறகு தருவோம். மகளுக்குச் சம்பந்தம் பேச வருகிற தேதி நெருங்கிவிட்டது என்கிறவர்கள் அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். முகப்புச் சுவர் ஒன்றுக்கு மட்டும் சுண்ணாம்பும், கேட்டுக்கு ஒரு கை பெயிண்டும் என்று சின்னத் தொகையில் எங்கள் வாலிபர்களே இரண்டு நாளில் முடித்துத் தருவார்கள். முடிச்சூர் குடும்பத்துக்கு அந்த அடிச்சுவரைக் கொத்திப் பூசும் வேலையை, அவர்கள் சம்மதத்தோடு, இந்த மாதம் அறக்கட்டளைச் செலவில் தொடங்கியிருக்கிறோம். கடனாக இல்லை.

ஏணியும் சாரக் கம்பும் அலுவலகத்தில் இருக்கின்றன, வாடகையில்லாமல் எடுத்துப் போகலாம், கழுவித் திருப்பித் தாருங்கள். மருதாணிப் பதியன் ஐம்பது தயாராக இருக்கிறது. அடுத்த ஞாயிறு அஸருக்குப் பிறகு பெண்கள் பகுதியில் கொடுப்பார்கள், வீட்டுக்கு ஒன்று. வரும்போது போன மழைக்கு உங்கள் வாசலில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது என்பதைக் கவனித்து வந்து சொல்லுங்கள். படம் இருந்தால் இன்னும் நல்லது. மஃரிப் பாங்குக்கு நேரம் நெருங்குகிறது. கேள்வி இருப்பவர்கள் தொழுகைக்குப் பிறகு முன்வரிசையில் உட்காருங்கள், நாங்கள் இங்கேதான் இருப்போம். வஸ்ஸலாம்.